எது முதலில் தீரும்? சுண்ணாம்புக்கல்லை வைத்து ஒரு மோல் கணக்கு

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்கு மாட்டுவண்டி கட்டிப் போன காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் 20 வண்டி, 30 மாடு. எத்தனை வண்டி கிளம்பும்? 15தான். எண்ணிக்கையில் மாடு அதிகம். இருந்தும் முதலில் தீர்ந்துபோவது மாடுதான். வண்டிக்கு இரண்டு மாடு பூட்ட வேண்டுமே!

வேதிவினையில் இப்படி முதலில் தீரும் பொருளுக்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பெயர். தாழையூத்தில் சிமெண்ட் ஆலைக்கு வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். தூய கால்சியம் கார்பனேட் 20 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10.95 கிராம் இருக்கின்றன. (இது அமிலத்தின் நிறை மட்டும், அதைக் கரைத்திருக்கும் நீரைச் சேர்க்கக் கூடாது.) எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்?

முதலில் சமன்பாட்டைச் சமன்செய்யுங்கள்:

1 கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 1 கால்சியம் குளோரைடு + 1 நீர் + 1 கார்பன் டை ஆக்சைடு

அடுத்து, கிராமை மோலாக்குங்கள். (டஜன் போல, மோல் என்பது துகள்களை எண்ணும் ஓர் அலகு.) மோலார் நிறையால், அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்ற எண்ணால், வகுத்தால் போதும்.

கார்பனேட்: 20 ÷ 100 = 0.2 மோல்
அமிலம்: 10.95 ÷ 36.5 = 0.3 மோல்

மாணவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். 0.2 சிறியது, ஆகவே கார்பனேட் முதலில் தீரும் என்று எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு மோல் எண்ணையும் சமன்பாட்டில் அதன் முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

கார்பனேட்: 0.2 ÷ 1 = 0.2
அமிலம்: 0.3 ÷ 2 = 0.15

சிறியது 0.15. அமிலம்தான் முதலில் தீர்கிறது. நம் கணக்கில் மாடு அதுதான்.

இனி மற்ற பொருளை மறந்துவிட்டு, இந்த 0.15ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடின் முன்னால் 1 இருப்பதால் உண்டாவதும் 0.15 மோல். அதன் மோலார் நிறை 44. ஆகவே 0.15 × 44 = 6.6 கிராம். கால்சியம் குளோரைடு 0.15 × 111 = 16.65 கிராம், நீர் 0.15 × 18 = 2.7 கிராம்.

கார்பனேட்டில் 0.05 மோல், அதாவது 5 கிராம், அப்படியே மிஞ்சும்.

விடையைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். தொடக்கத்தில் இருந்தது 20 + 10.95 = 30.95 கிராம். முடிவில் 6.6 + 16.65 + 2.7 + 5, அதுவும் 30.95. நிறை எங்கும் தொலையவில்லை.

இப்போது அமிலத்தை 18.25 கிராமாக்கி நீங்களே போட்டுப் பாருங்கள். இம்முறை கார்பனேட் தீர்ந்து, அமிலத்தில் 3.65 கிராம் மிஞ்ச வேண்டும்.