முரட்டுப் பிள்ளை, வாய் திறக்காத பிள்ளை: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் செய்யக்கூடியவை

சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலையிலும் பள்ளிப் பிள்ளைகளோடு அன்றாடம் பழகுகின்ற ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், மாலையில் டியூஷன் நடத்துவோர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. வீட்டில் பட்ட அடியும், பசியும், சாதியின் பெயரால் பட்ட அவமானமும் ஒரு பிள்ளையின் மனத்தையும் நடத்தையையும் எப்படி மாற்றுகின்றன, அதைக் கண்ட பெரியவர் என்ன செய்யலாம் என்பதே இங்கு பேசப்படுவது. பிள்ளையைத் திருத்தப் புறப்படுவதற்கு முன்பு, நாள்தோறும் அந்தப் பிள்ளையைக் குத்துகின்ற வழக்கங்களில் நம்மால் நிறுத்த முடிந்தவற்றை நாம் நிறுத்தியாக வேண்டும். மாணவரை ஆலோசகரிடம் அனுப்பிவிட்டு வகுப்பறையை இருந்தபடியே விட்டால், அவர் ஆறுதல் பெற்று வருகின்ற இடமும் அடிபடுகின்ற இடமும் மாறி மாறி வருமே தவிர, காயம் ஆறாது.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 1998-இல் வெளியாயின. மொத்தத்தில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வு, அடி, வசவு, பாலியல் வன்முறை, வீட்டில் குடிநோய், தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்தல் முதலியவற்றைப் பற்றிக் கேட்டது. அவற்றில் நான்கோ அதற்கு மேலோ பட்டு வளர்ந்தவர்களிடம், எதுவும் படாதவர்களைவிட மனச்சோர்வும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு மிகுதியாகக் காணப்பட்டன. வீட்டுக்கு வெளியே நிகழும் இழிவைப் பற்றி அந்த ஆய்வு கேட்கவில்லை. பிலடெல்பியா நகரில் 2012, 2013 ஆண்டுகளில் நடந்த விரிவான கணக்கெடுப்பில்தான் பாகுபாடும், சக பிள்ளைகளின் கொடுமையும், தெருவில் காணும் வன்முறையும் இந்த இடர்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து வருகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குச் சிக்கல்பாதைப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. யார் எந்தச் சாதி என்பது வெளியே சொல்லப்படாதபோது உயர்த்தப்பட்ட சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என்ற இரு தரப்புச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அறிவு அங்கேயேதான் இருந்தது; அறிவிப்பு மட்டுமே புதிதாக வந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வகுப்பறைக்குள் பார்ப்போம். உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று சொல்வது அலுவல் வேலையாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. எழுந்து நிற்கின்ற பிள்ளைக்கோ அது நாற்பது பேர் முன்னால் செய்யப்படும் அறிவிப்பு. படிவத்தை மடித்துத் தனித்தனியே கொடுக்கலாம். பெற்றோரை வரச்சொல்லியும் கேட்கலாம். கழிவறையைக் கழுவவும் கூட்டிப் பெருக்கவும் எந்தப் பிள்ளைகள் அழைக்கப்படுகிறார்கள் என்பதை ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். கழிவறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல என்பது அதற்கு முந்தைய விஷயம். மலையிலிருந்து மேல்நிலைப் படிப்புக்காகக் கீழே வந்து விடுதியில் சேருகின்ற மலையாளி பழங்குடிப் பிள்ளையின் பேச்சு வழக்கைக் கேலி செய்து வகுப்பே சிரிக்கும்போது, ஆசிரியரும் சேர்ந்து புன்னகைத்தால் அந்தப் பிள்ளை அதன் பிறகு கேள்விக்குப் பதில் சொல்ல வாய் திறக்காது. சாதிச் சான்றிதழ் வர நாளானால், "உன்னால எல்லாருக்கும் லேட்" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அது கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கின்ற காரியம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதியின் பெயரால் மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டுகின்ற வண்ணக் கயிறுகளைப் பள்ளிக்குள் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்வது எளிது. நம் வாய்ச்சொல்லையும் வருகைப்பதிவு வழக்கங்களையும் கவனிப்பது அதைவிடக் கடினம், ஆனால் அதுவும் நம் பொறுப்புத்தான்.

நடத்தை ஏன் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் பாதி தணியும். எப்போது அடி விழும், யார் எப்போது இழிவாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தே வளர்கின்ற பிள்ளையின் உடலில், ஆபத்தை உணர்த்துகின்ற மூளைப்பகுதியான அமிக்டலா எளிதில் கிளர்ந்தெழுகிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பின் ஒழுங்கு குலைகிறது. நிதானித்து முடிவெடுக்க உதவுகின்ற முன்மூளைப் பகுதி, பதற்றமான நேரத்தில் பின்வாங்கிவிடுகிறது. தோளில் கை பட்டதும் திரும்பி அடிப்பதற்கும், கேள்வி கேட்டதும் கல்லாய் நிற்பதற்கும் வேர் ஒன்றே. முன்னதைத் திமிர் என்றும் பின்னதை மந்தம் என்றும் நாம் பெயரிட்டுவிடுகிறோம்.

எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்? அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பது, காலை வகுப்பிலேயே தூங்கிவிழுவது, சோற்றைப் பதுக்குவது, மதிப்பெண் திடீரென்று சரிவது, மணிக்கட்டில் கீறல், கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலம். தூக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம்: சிவதாபுரம் பக்கத்தில் வீட்டோடு இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலோ விசைத்தறியிலோ இரவு வரை கைவேலை செய்துவிட்டு வந்த பிள்ளையாக இருக்கலாம். காப்பிப் பழம் பறிக்கின்ற காலத்தில் பெற்றோர் தொலைவுத் தோட்டங்களுக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற மூத்த பெண்ணாகவும் இருக்கலாம். பெண்பிள்ளைகளின் காரியத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் அவர்களில் பலர் அதிகம் கீழ்ப்படிந்தும், சொன்னதற்கெல்லாம் தலையாட்டியும் துன்பத்தை மறைப்பார்கள். "நல்ல பிள்ளை" என்று நாம் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் கல்யாணப் பேச்சு முடிந்திருக்கும்.

பேசத் தொடங்குவதற்கு ஆசிரியர் அறை ஏற்ற இடமன்று. மற்றவர் காதில் விழாத, ஆனால் கண்ணில் படுகின்ற இடத்தில், எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "என்ன கண்ணு, ரெண்டு நாளா சோத்துல கையே வைக்கலியே, உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சா?" பதில் வராவிட்டால், "சரி சாமி, எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு, நான் இங்கதான் இருப்பேன்" என்று விட்டுவிட்டு, மறுவாரமும் அதே இடத்தில் இருங்கள். ஒரு நாள் உருகிப் பேசிவிட்டு மறுநாள் மறந்துவிடுகின்ற பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா மட்டும், உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் இன்னொருத்தர்கிட்டச் சொல்வேன்" என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு. சாக நினைப்பதாக ஐயம் எழுந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை மனநல மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. ஆம் என்றால் தனியே விடாமல், 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்னும் மருத்துவ உதவி எண்ணையோ உடனே அழைத்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்று சேர்ப்பிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருவது பெற்றோருக்கு ஒரு நாள் கூலியை இழப்பதாகும் என்பதால், போவதற்கான நாளையும் துணையையும் பள்ளியே ஏற்பாடு செய்தால்தான் காரியம் நடக்கும்.

பிள்ளை கொதித்தெழுகின்ற நேரத்தில் அறிவுரை உள்ளே இறங்காது. குரலைத் தாழ்த்தி, மற்ற மாணவரை நகர்த்தி, தண்ணீர் குடிக்கவும் முற்றத்தில் நடக்கவும் இடம் கொடுங்கள். உடைத்த பொருளுக்கான கணக்கைப் பிறகு பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பரிவு என்பது கண்டுகொள்ளாமல் விடுவதன்று. அடிப்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலைத் தண்டிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது.

ஒரு மாணவர் இன்னொருவரைச் சாதி சொல்லி இழித்தால், இருவரையும் நிறுத்திக் கைகுலுக்க வைத்து முடித்துவிடுவது நம்மிடையே பரவலான வழக்கம். அது மிகத் தவறு என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அடிபட்டவரையும் அடித்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தி, பெருந்தன்மை காட்டுகின்ற பாரத்தையும் அடிபட்டவர் மீதே அது ஏற்றுகிறது. முதலில் இழிக்கப்பட்டவரிடம் தனியே, "அவன் சொன்னது தப்பு, உன்மேல எந்தத் தப்பும் இல்ல" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இழித்தவரின் பெற்றோரை அழைத்துப் பேசி, நடந்ததை எழுதிவைத்து, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை இழிக்கப்பட்டவரின் வீட்டுக்குத் தெரிவியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைப் பிறர் முன்னிலையில் சாதி சொல்லி இழிக்கின்ற பெரியவருக்கு, அவர் ஆசிரியரே ஆனாலும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு.

பாலியல் கொடுமை தெரியவந்தால் காத்திருக்க நமக்கு உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயது நிறையாதவருக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; தெரிவிக்காமல் விடுவதும் குற்றமே. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அலுவலர் பதிய வேண்டும் என்பதையும் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லுங்கள், அச்சம் குறையும். குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்புதல், வீட்டுக் கொடுமை ஆகியவற்றுக்கு 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டாரிடம் பேசும்போது குற்றப் பத்திரிகை வாசிக்க வேண்டாம். குழுக்கடன் தவணைக்கு ஓடுகின்ற அம்மாவுக்கும், தாமே அடி வாங்கி வளர்ந்த அப்பாவுக்கும், பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொன்னால்தான் மீதிப் பேச்சு நடக்கும்.

இத்தனை கேட்ட பிறகு, பட்ட இடர்களை எண்ணிப் பிள்ளைக்கு மதிப்பெண் போடத் தோன்றலாம். முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வை நடத்திய ராபர்ட் ஆண்டாவே 2020-இல், அந்த எண்ணை வைத்துத் தனி மனிதரின் வருங்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று எச்சரித்து எழுதினார். ஹவாயின் கௌவாய் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னர், மிகுந்த இடர்ப்பாட்டில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்ததைக் கண்டார். அவர்களில் பலருக்கு, பெற்றோர் அல்லாவிட்டாலும் பாட்டியோ ஆசிரியரோ, விட்டுப்போகாத ஒரு பெரியவர் இருந்தார். ஆகவே ஜூனில் வகுப்பு மாறும்போதும், ஏற்காட்டுப் பள்ளியிலிருந்து சேலம் விடுதிக்கு வரும்போதும், அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடாதபடி பழைய ஆசிரியர் புதியவரிடம் நேரில் பேச வேண்டும். குடும்பக் கதையைக் கைமாற்றத் தேவையில்லை. கதவோரம் உட்கார்ந்தால் அமைதியாக இருப்பார், பின்னாலிருந்து தொட வேண்டாம், கணக்குக்கு அவரையே கரும்பலகைக்கு அழைக்கலாம் என்ற அளவில் சொன்னால் போதும், அதையும் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு சொல்ல வேண்டும்.