மிளகாயில் வெள்ளை ஈயின் பெருக்க வேகத்தைக் கணக்கிடும் முறை

இலையைத் திருப்பி ஈக்களை எண்ணினால் இன்றைய நிலவரம்தான் தெரியும். எத்தனை நாளில் அது இரட்டிக்கும், எந்த ரகம் அதைத் தடுக்கும் என்பதற்கு வாழ்க்கை அட்டவணை, அதாவது ஒவ்வொரு வயதிலும் எத்தனை உயிரோடிருக்கின்றன, எத்தனை முட்டையிடுகின்றன என்ற பட்டியல், போட வேண்டும்.

ஈக்களை (பெமிசியா டபாசி) முதலில் மிளகாயிலேயே குறைந்தது இரண்டு தலைமுறை வளர்த்துவிடுங்கள். பருத்தியிலிருந்து நேராகக் கொண்டுவந்தால், வரும் இறப்பு செடி மாறியதாலா ரகத்தாலா என்று பிரிக்க முடியாது. அறை வெப்பம் 27 டிகிரி செல்சியஸ், வெளிச்சம் நாளுக்கு 14 மணி நேரம் என நிலையாக இருக்கட்டும். மருந்து படாத தொட்டிச் செடிகள் 10 போதும்.

ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையின் அடிப்பக்கத்தில் கிளிப் கூண்டு (இலையைக் கவ்விப் பிடிக்கும் சிறு கூண்டு) மாட்டி, 10 ஜோடி ஈக்களை 24 மணி நேரம் விட்டு எடுங்கள். இலைக்கு 20 முட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஊசி முனையால் நீக்குங்கள். நெரிசலே குஞ்சுகளைக் கொல்லும். இலையைப் பறித்து வைத்து எண்ண நினைக்காதீர்கள். முட்டையின் காம்பு இலைத் திசுவுக்குள் செருகி அங்கிருந்துதான் ஈரம் எடுக்கிறது, இலை வாடினால் முட்டையும் சுருங்கிவிடும்.

இலையின் படம் வரைந்து ஒவ்வொரு முட்டைக்கும் எண் கொடுங்கள். பொரிந்த குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைப் புதிதாகக் குறிக்காவிட்டால் இறந்ததாக எழுதிவிடுவீர்கள். தினமும் ஒரே நேரத்தில் லென்ஸில் பாருங்கள். கடைசிப் பருவத்தில் சிவப்புக் கண்கள் தெரிந்ததும் கூண்டை மறுபடி மாட்டுங்கள். ஈ வெளியேறிய கூட்டில் T வடிவப் பிளவு இருக்கும். வட்டத் துளை என்றால் ஒட்டுண்ணிக் குளவி வந்துவிட்டது, அந்தத் தொகுதியைக் கழித்துவிடுங்கள்.

வெளிவந்த ஈக்களை ஆண், பெண் என்று பிரித்து எண்ணுங்கள். ஆணின் வயிற்று நுனி கூராக இருக்கும், பெண் சற்றுப் பெரிது. ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண் என்று புது இலையில் கூண்டிட்டு, தினமும் இலை மாற்றி, பெண் சாகும்வரை முட்டைகளை எண்ணுங்கள். ஆண் செத்தால் வேறொன்றை விடுங்கள். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டுமே வரும் என்பதால், இணை சேராத பெண் எத்தனை முட்டையிட்டாலும் மகள் கணக்கு பூஜ்யம். தப்பிப் பறந்ததை இறப்பில் சேர்க்காதீர்கள்.

இனி கணக்கு. ஒவ்வொரு வயதிலும் உயிரோடிருக்கும் பங்கை, ஒரு பெண் அன்று இட்ட முட்டைகளில் மகள்களாகும் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இவற்றின் கூட்டுத்தொகை நிகரப் பெருக்க வீதம், அதாவது ஒரு பெண்ணுக்கு ஒரு தலைமுறையில் கிடைக்கும் மகள்கள். அதே பெருக்குத்தொகைகளை வயதாலும் பெருக்கிக் கூட்டி, நிகர வீதத்தால் வகுத்தால் தலைமுறைக் காலம். நிகர வீதத்தின் இயல் மடக்கையை (ln) தலைமுறைக் காலத்தால் வகுத்தால் உள்ளார்ந்த பெருக்க வேகம். உதாரணமாக நிகர வீதம் 30, காலம் 25 நாள் என்றால் வேகம் 0.136, 0.693-ஐ அதால் வகுக்க, இரட்டிக்க 5.1 நாள். இது தோராயம்தான். துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல்லில் வேகத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு பெருக்குத்தொகையையும் EXP(–வேகம் × வயது) மதிப்பால் பெருக்கிய கூட்டுத்தொகை 1 ஆகும்வரை சரிசெய்யுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, வயதை ஈ வெளிவந்த நாளிலிருந்து எண்ணுவது. முட்டையிட்ட நாள்தான் தொடக்கம். முட்டை, குஞ்சுப் பருவங்களின் ஏறக்குறைய மூன்று வாரமும் அவற்றின் இறப்பும் விடுபட்டால் வேகம் பல மடங்கு கூடித் தெரியும். ரகங்களை ஒப்பிடும்போது பூட்ஸ்ட்ராப் முறையில் (அதே தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) பிழை வரம்பையும் போடுங்கள், அதில்லாமல் 0.136-க்கும் 0.128-க்கும் உள்ள இடைவெளியை வைத்து எந்த ரகத்தையும் பரிந்துரைக்கக் கூடாது.