98,76,54,321-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

ஒரு பெரிய எண்ணுக்கு எத்தனை காரணிகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன என்று நேரடியாகத் தேடக் கூடாது. முதலில் பகாக் காரணிகளைப் பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் இரண்டு வரி வேலை. இந்த எண் எட்டு இலக்கக் கால்குலேட்டரில் அடங்காது. பன்னிரண்டு இலக்கம் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கங்களைக் கூட்டினால் 45. ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 10,97,39,369. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 47, எனவே 3-ஐ இனி மறந்துவிடலாம். 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் சோதிக்கலாம், ஏனென்றால் மூன்றின் பெருக்கல் 1001. காற்புள்ளிகளைப் பார்க்காமல் வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 369 − 739 + 109 = −261. 261 இம்மூன்றில் எதனாலும் வகுபடாது. நம் எண்ணும் வகுபடாது.

அடுத்தது 17. ஈவு 64,55,257. பலர் சறுக்குவது இங்கேதான்: 17 முடிந்தது என்று 19-க்குத் தாவிவிடுவார்கள். மறுபடியும் 17-ஆல் வகுத்தால் மீதியின்றி 3,79,721 வருகிறது. மூன்றாம் முறை 9 மீதி.

இந்த 3,79,721-தான் பாடுபடுத்தும். இதன் வர்க்கமூலம் 616-க்குச் சற்று மேல்; இது பகா எண் இல்லையென்றால், அந்த எல்லைக்குள் ஒரு பகாக் காரணியாவது இருந்தாக வேண்டும். 19 முதல் 613 வரை 105 பகா எண்கள். ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அட்டவணையை வைத்து டிக் அடித்துக்கொண்டே போனால் எதுவும் விட்டுப்போகாது. ஒன்றும் வகுக்கவில்லை, ஆகவே அது பகா எண். தொடக்கத்தில் இருந்த 98,76,54,321-இன் வர்க்கமூலம் 31,426-க்கு மேல். சிறு காரணிகளை முதலில் எடுத்ததால்தான் எல்லை இவ்வளவு இறங்கியது.

விடை: 3² × 17² × 379721. அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 3 × 2 = 18 காரணிகள். 17-ஐ ஒருமுறையோடு விட்டு, 64,55,257-ஐப் பகா எண் என்று நம்பியிருந்தால் 12 என்று வந்திருக்கும். காரணிகளின் கூட்டுத்தொகை (1 + 3 + 9) × (1 + 17 + 289) × (1 + 379721), அதாவது 13 × 307 × 379722 = 1,51,54,70,502. இதிலிருந்து எண்ணைக் கழித்தால் 52,78,16,181. தன்னைத் தவிர்த்த காரணிகளின் இந்தக் கூட்டுத்தொகை எண்ணைவிடச் சிறியது என்பதால் 98,76,54,321 ஒரு குறைவெண்.

சரிபார்க்க வழக்கமான 9-மீதி முறை (9-ஆல் வகுத்த மீதிகளை ஒப்பிடுவது) இங்கே உதவாது: எண்ணே 9-இன் மடங்கு, அதனால் மற்ற காரணிகளில் பிழை இருந்தாலும் மீதி 0-தான் வரும். 11-ஆல் வகுத்தால் வரும் மீதியைப் பாருங்கள். வலமிருந்து இலக்கங்களை மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் 98,76,54,321-க்கு 5. காரணிகள் 9, 289, 379721-க்கு முறையே 9, 3, 1. பெருக்கினால் 27, அதை 11-ஆல் வகுத்தால் மீதி அதே 5.