எலக்ட்ரான் பம்பரமா? குட்டிகளுக்கு ஸ்பின் சொல்லிக்கொடுக்கும் வழி

அணுவுக்குள் இருக்கும் குட்டித் துகளான எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்றொரு குணம் இருக்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அது பம்பரம் மாதிரி சுத்துமா?" என்பதுதான். என் அக்கா மகனிடம் "ஆமாம்டா" என்று சொல்லித் தப்பித்தேன், அப்புறம் அந்தப் பொய்யைக் கழற்றப் படாத பாடு பட்டேன். நீங்கள் முதலிலேயே "சுத்துற மாதிரி, ஆனா சுத்தல" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் உறுத்தும்.

அதற்காகப் பம்பரமே வேண்டாம் என்றில்லை. சாட்டை சுற்றி விட்டுக் காட்டுங்கள்: வேகம் குறைந்ததும் தலையாட்டி விழுந்துவிடும். எலக்ட்ரானின் ஸ்பின்னோ குறைவதே இல்லை, யாரும் சாட்டை போட்டு விட்டதும் இல்லை, கூடவே பிறந்தது. 1925இல் உலென்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் அது தன்னைத்தானே சுற்றுகிறது என்றுதான் எழுதினார்கள்; கணக்குப் போட்டால் அந்தக் குட்டிப் பந்தின் விளிம்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருந்தது. அது நடக்காது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, சுற்றாவிட்டால் அது என்னதான் செய்கிறது? ஒரு குட்டிக் காந்தமாக இருக்கிறது. தையல் ஊசியைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேயுங்கள் (திரும்பும்போது காந்தத்தைத் தூக்கிவிட வேண்டும், பிள்ளைகள் சொதப்புவது இங்கேதான்). தெர்மாகோல் துண்டில் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், சிலது காந்தத்தை இழுக்கும், பிளாஸ்டிக் போதும். ஊசிக்குள்ளே எலக்ட்ரான்கள் கூட்டம் கூட்டமாக ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, தேய்த்ததும் பிரேயரில் நிற்கிற மாதிரி பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிவிட்டன என்று சொல்லுங்கள்.

அடுத்தது பூவா தலையா. ஒரு ரூபாய்க் காசை மேஜையில் சுழலவிட்டு உள்ளங்கையால் அடித்தால் பூ, இல்லை தலை. பாதி சாய்ந்து நிற்காது. எலக்ட்ரானையும் எந்தப் பக்கமாக அளந்தாலும் "மேலே", "கீழே" என்ற இரண்டில் ஒரு பதில்தான் வரும். 1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் வெள்ளி அணுக்களை ஒரு காந்தத்தின் வழியாக அனுப்பியபோது, அவை கண்ணாடியில் ஒரே தீற்றலாகப் பரவாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தன. அதற்குக் காரணம் அந்த அணுவில் இருக்கும் எலக்ட்ரானின் ஸ்பின் என்று பிறகுதான் புரிந்தது.

கடைசியாக ஒரு வித்தை, இது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. உள்ளங்கையில் ஒரு தட்டை வைத்து, அது கவிழாமல் அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தட்டு பழைய நிலைக்கு வந்துவிடும், கையோ முறுக்கிக்கொண்டு முழங்கை வானத்தைப் பார்க்கும். நிறுத்தாமல் அதே திசையில் தலைக்கு மேலே இன்னொரு சுற்று போனால் முறுக்கு தானாகக் கழன்றுவிடும். எலக்ட்ரானும் அப்படித்தான், இரண்டு சுற்று சுற்றினால்தான் பழையபடி ஆகும். ஏன் என்று கேட்டால் அதற்குக் காலேஜ் கணக்கு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். காலித் தட்டில் பழகவிடுங்கள், எங்கள் வீட்டில் அன்று ராத்திரி தோசையோடு சுற்றியது.