வெளிநாட்டு வியாபாரத் தகராறுக்கு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்வது எப்படி?

மருதமுனைக் கைத்தறித் துணி வாங்கிய சிங்கப்பூர் நிறுவனம், சாயம் போகிறது என்று சொல்லி மிச்சக் காசை நிறுத்திவிட்டது என்று வையுங்கள். மத்தியஸ்தரைத் தேடுமுன், எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். மத்தியஸ்தத்தில் எட்டிய வெளிநாட்டு வியாபார இணக்கங்களை அமுல்படுத்துவதற்கான சர்வதேச ஒப்பந்தம்தான் சிங்கப்பூர் மத்தியஸ்த உடன்படிக்கை. அந்த நாடு அதை ஏற்புறுதி செய்திருந்தால், அதாவது தன்னைக் கட்டுப்படுத்தும் என்று முறைப்படி ஏற்றிருந்தால், நீங்கள் எழுதிக்கொள்ளும் இணக்கத்தை அங்குள்ள நீதிமன்றத்திலேயே அமுல்படுத்தக் கேட்கலாம். சிங்கப்பூர், கட்டார், சவூதி அரேபியா ஏற்புறுதி செய்துள்ளன. இலங்கையில் இதற்கான சட்டம் 2024ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். ஒரு நாடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது மட்டும் போதாது. 2019இல் கையெழுத்திட்ட இந்தியாவோடு வியாபாரம் செய்பவர்கள் ஏற்புறுதி நிலையைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

வளைகுடாவில் நின்றுபோன சம்பளம், வெளிநாட்டிலுள்ள சகோதரரோடு காணிப் பங்கு ஆகியவற்றுக்கு இந்த வழி உதவாது. தொழில், குடும்ப, வாரிசுரிமைப் பிணக்குகளை உடன்படிக்கையே விலக்கியிருக்கிறது.

இனி ஆள். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. எதையும் திணிக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே பெரிய பதவியில் இருந்தவர் என்பது இங்கே பெரிதாக உதவாது. இரு தரப்போடும் அவருக்குள்ள பழைய தொழில், உறவு, கட்சிக்காரர் தொடர்புகளை எழுத்தில் வாங்குங்கள். இதில்தான் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அவர் மறைத்த தொடர்பு பிறகு வெளிவந்து, அது தெரிந்திருந்தால் நீங்கள் இணங்கியிருக்க மாட்டீர்கள் என்ற அளவுக்குப் பாதித்திருந்தால், நீதிமன்றம் அமுலாக்கத்தை மறுக்கலாம். எதிர்த்தரப்புக்கும் அதே உரிமை உண்டு.

இரண்டு மூன்று பேரோடு தனித்தனியே பேசிப் பாருங்கள். ஒவ்வொரு தரப்பையும் தனியாகச் சந்திப்பாரா, அங்கே சொன்னதை மற்றத் தரப்புக்குச் சொல்லுமுன் அனுமதி கேட்பாரா, தன் யோசனையை முன்வைப்பாரா? கட்டணம் மணிக்கணக்கா, நாட்கணக்கா, ஆவணம் வாசிக்கும் நேரமும் சேருமா, அமர்வை இரத்துச் செய்தால் எவ்வளவு? சாயம், சுருக்கம், ஏற்றுமதிப் பத்திரங்கள் பற்றி அடிப்படை தெரிந்தவர் என்றால் பாதி விளக்கம் மிச்சம். ஆங்கிலத்தில் பேரம் பேச இயலாதென்றால் தமிழ் தெரிந்த இணை மத்தியஸ்தரைக் கேளுங்கள். உங்கள் உறவினரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள், எதிர்த்தரப்பு நம்பாது. சூம் அமர்வென்றால் மட்டக்களப்பில் காலை 10 மணி, சிங்கப்பூரில் பகல் 12.30.

நியமனக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இணக்கம் ஏற்பட்டால் மத்தியஸ்தர் அந்த ஆவணத்தில் கையெழுத்திடுவார், அல்லது மத்தியஸ்தம் நடந்ததென்று தனிக் கடிதம் தருவார். அமுலாக்கக் கேட்கும்போது அந்தச் சான்று தேவைப்படும். பிறகு கேட்டால் சிலர் தயங்குவார்கள்.