கால் பிடித்துக்கொண்டால் நாளைக்கு ஓடலாமா?

"கால் லேசாப் பிடிச்ச மாதிரி இருக்கு, நாளைக்கு ஓடலாமா?" புதிதாக ஓட வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எனக்கு வாராவாரம் வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலை முடிவுசெய்துவிட்டுத்தான் கேட்பார்கள். நான் தலையாட்டினால் போதும். மிச்சப் பேர் நேரெதிர். சுருக்கென்று ஒரு வலி வந்ததும் மூன்று வாரத்துக்குப் படியிறங்கக்கூட யோசிப்பார்கள். சின்னத் தசைக்காயம் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்த இரண்டு கூட்டமும்தான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் அது காயம்தானா என்று பாருங்கள். நேற்று இறக்கத்தில் ஓடினீர்கள், அல்லது வழக்கத்தைவிட வேகமாக ஓடினீர்கள். இன்று இரண்டு தொடையும் கனக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் முனகத் தோன்றுகிறது என்றால், அது பழகாத வேலை செய்த தசையின் நோவு. ஓடிய பிறகு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரம் போல ஆவதற்குள் அது கலைந்துபோய்விடும். மறுநாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது. கொஞ்சம் நடங்கள், அவ்வளவுதான்.

தசைக்காயம் அப்படி வராது. பெரும்பாலும் ஒரே காலில், ஒரே இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும். எங்கே வலி என்று கேட்டால் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். அங்கே சில தசை இழைகள் கிழிந்திருக்கின்றன. அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று ஓடி முடித்தவர்களின் ஒரு வாரக் காயம் மாதக்கணக்கில் நீண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தியதும் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. நடைபாதை விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைக் கீழே அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுப்பார்கள். இறுகிய மாதிரி தோன்றுவதால் இழுத்தால் விட்டுவிடும் என்ற நினைப்பு. கிழிந்த இழை அப்படி இழுக்க இழுக்க இன்னும் விரியும். முதல் சில நாட்கள் ஸ்ட்ரெட்ச் வேண்டாம், அழுத்தி நீவிவிடவும் வேண்டாம்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். 'டப்' என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, பிறகு அந்தக் காலால் நுனிக்காலில் நிற்க முடியவில்லை. தசையில் பள்ளம் தெரிகிறது. ரத்தக்கட்டு பெரிதாகப் பரவுகிறது. வலி தசையில் இல்லாமல் எலும்பின் மேல் ஒரு புள்ளியில் இருக்கிறது, ராத்திரி படுத்தாலும் விடவில்லை. இன்னொன்று: அடிபடாமலே கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் அது ரத்தக்குழாயில் உறைந்த கட்டியாக இருக்கலாம். நீண்ட பயணத்துக்கோ அறுவைசிகிச்சைக்கோ பிறகு என்றால் சந்தேகம் இன்னும் கூடும். அதைத் தேய்க்கவே கூடாது. அன்றைக்கே காட்டியாக வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையா? சரி, முதல் இரண்டு மூன்று நாட்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்துப் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 1978-இல். ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் எழுதியவரும் அவரே. வீக்கமும் அழற்சியும் ஆறும் வேலையின் ஒரு பகுதிதான். வலி தாங்கவில்லை என்றால் துணி சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். அது வலியைக் குறைக்கும், காயத்தை ஆற்றாது. எலாஸ்டிக் கட்டு இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடப் போவதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. நிறுத்தச் சொல்லும் ஒரே ஆளின் வாயை அடைத்துவிட்டு எப்போது நிறுத்துவீர்கள்? உடலில் நீர் குறையும் நீண்ட ஓட்டத்தில் இபுப்ரோஃபன் போன்றவை சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

அப்புறம், வலி அடங்கத் தொடங்கியதுமே தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சும்மா கிடந்த தசை ஆறினாலும் பலவீனமாகவே ஆறும். கெண்டைக்கால் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி 30 விநாடி அப்படியே நில்லுங்கள், நான்கைந்து முறை. அது வலிக்காமல் வந்தால் மெதுவாக ஏற்றி இறக்குவது, பிறகு ஒற்றைக் காலில். முழங்காலை நீட்டி வைத்துச் செய்தால் கெண்டைக்காலில் மேலாக இருக்கும் தசைக்கு அதிக வேலை, மடக்கிச் செய்தால் அதற்கு உள்ளே இருக்கும் சோலியஸ் என்ற தசைக்கு, இரண்டும் வேண்டும். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்குச் சோலியஸ்தான் மெல்ல மெல்ல இறுகி வம்பு பண்ணும். பின்தொடைக் காயமா? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கிப் பிடித்து நில்லுங்கள். நாட்கள் போகப் போகக் குதிகாலை இன்னும் தள்ளி வைக்கலாம்.

எவ்வளவு வலி வரை செய்யலாம்? பத்துக்கு எத்தனை என்று நீங்களே மார்க் போடுங்கள். மூன்றுக்குள் என்றால் தொடரலாம். ஆனால் பயிற்சியின்போது போடும் மார்க்கை நான் பாதிதான் நம்புவேன். உடல் சூடாகிவிட்டால் வலி ஒளிந்துகொள்ளும். உண்மை தெரிவது மறுநாள் காலையில், கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடியிலும் மாடிப்படி இறங்கும்போதும். நேற்றுக் காலை அளவோ அதற்குக் குறைவோ என்றால் நேற்றுச் செய்தது சரியான அளவு. கூடியிருந்தால் இன்று பாதியாக்குங்கள். நிறுத்த வேண்டியதில்லை.

ஓட்டத்துக்குத் திரும்ப நான் கேட்பது மூன்று. அரை மணி நேரம் வேக நடை வலியில்லாமல் வர வேண்டும். ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது நல்ல காலின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வர வேண்டும். அந்தக் காலிலேயே தத்தித் தத்திப் பத்து முறை குதித்தாலும் பயம் வரக் கூடாது. இவை முடிந்தால் சமதளத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்துச் சுற்று. அடுத்த நாள் ஓய்வு. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். கெண்டைக்கால்காரர்களுக்கு மேடும், பின்தொடைக்காரர்களுக்கு முழு வேகமும் கடைசியில்தான். பாய்ந்து ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு பின்தொடை நீண்டபடியே பளுவைத் தாங்குகிறது. பழைய காயம் திரும்பக் கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

எனக்குப் பயமான நாள் வலி சுத்தமாகப் போன நாள். விட்டுப்போன தூரத்தையெல்லாம் அன்றைக்கே பிடித்துவிடக் கிளம்புவார்கள். ஒரு வாரம், பத்து நாள் ஓடாததால் மூச்சுத்திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. அந்த நாட்களில் வலிக்காத அளவில் சைக்கிளோ நீச்சலோ இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பரபரப்புக்குப் பதில் கடந்த மூன்று வாரத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். குதிகால் உயரம் குறைந்த புது ஷூ, மேட்டுப் பாதை, திடீரென்று சேர்த்த வேக ஓட்டம்: மூன்றில் ஒன்று அனேகமாகச் சிக்கும்.

போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன், இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு: போட்டிக்கு ஐந்து நாள் முன்பாவது அதில் பாதித் தூரத்தை நடக்காமல் ஓடி, மறுநாள் காலை கால் அமைதியாக இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் 21 கிலோமீட்டரை 10 ஆக மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள்.