பழைய டீசல் பிக்கப்பில் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

பழைய டீசல் பிக்கப் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்தில், ஸ்டீயரிங் அதிர, கண்ணாடி கடகடக்க ஓடும்போது எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: "ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கால் சுற்று ஏற்றிவிட்டால் போதும்." ஐட்லிங் வேகத்தை வைக்கும் அந்த ஸ்க்ரூவை ஏற்றினால் அதிர்வு குறைவது உண்மை. சிக்கலே அதில்தான். கோளாறு அப்படியே இருக்கும், நம் காதுக்கு மட்டும் எட்டாமல் போய்விடும்.

பெட்ரோல் கார்புரேட்டர் பழக்கத்தோடு, இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பை அணுகுவதுதான் முதல் தவறு. கார்புரேட்டரில் ஐட்லிங் ஸ்க்ரூ காற்றுத் தட்டைக் கொஞ்சம் திறந்து வைக்கும். பெரும்பாலான டீசல்களில் அப்படி ஒரு தட்டே கிடையாது. பம்புக்குள் இருக்கும் கவர்னர் வேகத்தைக் கவனித்து, குறைந்தால் டீசலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பம்பின் லீவர் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் ஸ்க்ரூ முடிவு செய்கிறது. லாக் நட் இறுகியிருக்கும் ஸ்க்ரூ தானாகச் சுற்றிக்கொள்ளாது. போன மாதம்வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று இறங்கி ஓடினால், மாறியது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று. அதைத் தேடாமல் ஸ்பேனரை எடுக்கவே கூடாது என்பேன்.

எங்கே தேடுவது? முதலில், வேகம் குறைந்து சீராக ஓடுகிறதா, அல்லது மிஸ் அடித்துத் தள்ளாடுகிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு நோய். சீராக, ஆனால் மெதுவாக ஓடினால் டீசல் ஃபில்டர், ஃபில்டரில் சேர்ந்த தண்ணீர், டேங்கிலிருந்து வரும் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால், இரவில் எங்கோ காற்று புகுந்து லைனில் இருக்கும் டீசல் பின்வாங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பம்புக்குப் போகும் இடத்தில் சிறிது நேரத்துக்கு உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு துண்டு மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெடித்த ஹோஸ், தேய்ந்த வாஷர், ஃபில்டர் தலையில் உள்ள கை பம்பின் பழைய ரப்பர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

மிஸ் அடித்தால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில், கம்ப்ரெஷன், டைமிங் என்று போக வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகச் சற்றே தளர்த்தி, உடனே இறுக்கிப் பார்ப்பார்கள். எந்த சிலிண்டரின் நட்டைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இதைச் செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, நட்டைத் துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குழாயில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் அறுவை சிகிச்சை வரை இழுத்துவிடும், கையையே இழந்தவர்களும் உண்டு. கசிவைத் தேடக் கையை நீட்டாதீர்கள், ஓர் அட்டையைப் பிடியுங்கள். காமன் ரெயில் எனப்படும் புதிய வகை டீசல் வண்டியில் இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்கக் கூடாது. அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம், ஐட்லிங்குக்கு ஸ்க்ரூவும் கிடையாது, எல்லாம் கணினியின் கையில்.

இன்ஜினைத் தாங்கும் ஃபவுண்டேஷன் ரப்பர் செத்துப்போயிருந்தாலும் ஐட்லிங்கில் வண்டி ஆடும். சரியான வேகத்தில் ஓடும் இன்ஜினைக் குறை சொல்லி, ரப்பருக்குப் பதிலாகப் பம்பைத் திருகியவர்கள் ஏராளம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஸ்க்ரூதான் வேலை என்று முடிவானால், அடுத்த தவறு குளிர்ந்த இன்ஜினில் அதைச் செய்வது. பல பழைய பம்புகளில் மெழுகு அடைத்த ஒரு சிறு உருளை இருக்கும். குளிரில் மெழுகு சுருங்கும்போது லீவர் கொஞ்சம் முன்னே தள்ளப்பட்டு வேகம் ஏறும். கூலன்ட் சூடானதும் மெழுகு விரிந்து லீவரை விட்டுவிடும். வேறு சில வண்டிகளில் இதே வேலையைச் செய்ய மின் சோலனாய்டோ, டாஷ்போர்டிலிருந்து இழுக்கும் குமிழோ இருக்கும். காலையில் நிமிடத்துக்கு 750 சுற்றுக்கு வைத்துவிட்டுப் போனால், மதியம் இன்ஜின் சூடானபின் 600-க்கு இறங்கி அணைந்துவிடும். நன்றாக ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்தபின், ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குமிழ் முழுக்க உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காதை நம்பாதீர்கள். டாஷ்போர்டு மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். நிறைய டீசல்களில் அந்த மீட்டருக்கு ஆல்டர்னேட்டரிலிருந்துதான் சிக்னல் போகிறது, பெல்ட் வழுக்கினால் எண் குறைவாகக் காட்டும். ஸ்பார்க் பிளக் ஒயரில் மாட்டும் பெட்ரோல் மீட்டருக்கு இங்கே வேலையே இல்லை. கிராங்க் புல்லியில் பளபளக்கும் டேப் ஒட்டி, ஒளியால் அளக்கும் டாக்கோமீட்டரைக் காட்டுவதுதான் எளிது. டேப்பை ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒட்டிவிட்டு எண்ணைப் பார்த்துத் திகைக்காதீர்கள், அது கிராங்கைவிட வேகமாகச் சுற்றும். பழைய பிக்கப் டீசல்கள் பெரும்பாலும் 650-க்கும் 850-க்கும் இடையில் ஓடும். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலிலோ பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அந்த எண் நியூட்ரலுக்கா டிரைவுக்கா என்பதையும் கவனியுங்கள்.

இனிதான் பெரிய தவறு: வேறு ஸ்க்ரூவைத் திருகுவது. போஷ் வி.இ. போன்ற ரோட்டரி பம்பில் லீவரின் ஒரு பக்கம் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ, எதிர்ப்பக்கம் அதிகபட்ச வேகத்துக்கானது, பம்பின் பின்புறம் முழுச் சுமை டீசல் அளவுக்கானது. கடைசி இரண்டிலும் கம்பி முத்திரையோ வளையமோ இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. பின்புற ஸ்க்ரூவை உள்ளே திருகினாலும் ஐட்லிங் ஏறும், அதனால் சரியான ஸ்க்ரூவையே பிடித்துவிட்டோம் என்று தோன்றும். கூடவே கரும்புகையும் வெளியேறும் சூடும் ஏறும். மிஞ்சினால் லீவரை விட்டாலும் வேகம் இறங்காது. ஒரே மாடல் பெயரை வைத்தும் ஸ்க்ரூவின் இடத்தை ஊகிக்காதீர்கள். டாட்ஜ் பிக்கப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸில் 1989 முதல் 1993 வரை வி.இ. பம்ப் இருந்தது, 1994 முதல் 1998 வரை வந்தது முற்றிலும் வேறான பி7100 இன்லைன் பம்ப். ஃபோர்டின் 6.9, 7.3 லிட்டர் ஐ.டி.ஐ. இன்ஜின்களில் இருப்பது ஸ்டானடைன் டி.பி.2 பம்ப்.

ஸ்க்ரூவைத் திருகியும் எதுவுமே மாறவில்லையா? மேலும் திருகாதீர்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகி, லீவர் ஸ்க்ரூவைத் தொடாமலே நிற்கிறது என்று பொருள். லீவரை விரலால் பின்னுக்குத் தள்ளினால் வேகம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சரிசெய்ய வேண்டியது கேபிளையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும். ஏசி போட்டால் மட்டும் வண்டி அணைகிறது என்றால், அப்போது லீவரைத் தள்ள வேண்டிய வேக்குவம் டயஃப்ரமையும் அதன் ஹோஸையும் பாருங்கள். அதற்காக ஐட்லிங்கை நிரந்தரமாக ஏற்றி வைத்தால் ஆட்டோமேட்டிக்கில் டி போட்டதும் இடிக்கும், மேனுவலில் நெரிசலில் வண்டி முந்திக்கொண்டு தள்ளும். இறக்கி வைத்தாலும் நல்லதல்ல: ஆயில் விளக்கு மினுக்கும், சார்ஜ் குறையும், பிரேக்குக்கான வேக்குவம் பம்பும் சோம்பலாக ஓடும்.

தொடங்குமுன் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும் நிலையைப் பெயின்ட் கோடால் குறித்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். ஹேண்ட் பிரேக், சக்கரக் கட்டை, நியூட்ரல் மூன்றும் கட்டாயம். வேகம் கட்டுக்கடங்காமல் ஏறினால் காற்று வரும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகை பக்கத்தில் இருக்கட்டும், கையை வைத்து அடைக்கக் கூடாது. கடைசியாக லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சற்று நகரும். அதனால் இறுக்கியபின் மறுபடி அளந்து, இரண்டு மூன்று முறை ரேஸ் கொடுத்து விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்ணுக்கு இறங்கி நிற்க வேண்டும். ஒரு முறை 700, மறு முறை 800 என்று நின்றால் கேபிளுக்கே திரும்பிப் போங்கள்.